ஓடாய்த் தேய்ந்தவர் இல்லை

பொன்மலைப்பட்டி,
திருச்சி.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியில் பதினாறாம் நாளுக்கு வர முடியவில்லையே என்று இவ்வளவு வருத்தப்பட்டிருக்க வேண்டாம். வந்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் நாம் உட்கார்ந்து பேசியிருக்கவா போகிறோம்? இப்போது வீடு ஓய்ந்துவிட்டது. பெரியவள் மட்டும் இருக்கிறாள். குடும்பப் பென்ஷன் காகிதங்களை முடித்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவாளாம்.

நீயும் எழுதியிருந்தாய், துக்கத்துக்கு வந்தவர்களும் சொன்னார்கள், "குடும்பத்துக்காக ஓடாய்த் தேய்ந்த மனுஷன்" என்று. கோபித்துக்கொள்ளாதே, கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வருகிறது. என் வீட்டுக்காரர் எங்கே தேய்ந்தார்? அந்த ரயில்வே பட்டறை வேலையை ரசித்து ரசித்துச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்றால் மற்ற வீடுகளில் முணுமுணுப்பு, இவர் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சைக்கிளைத் துடைப்பார்.

அது ரத்தத்திலேயே இருந்தது. 1920களில் ரயில்வே பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறியபோது கூடவே வந்தவர் என் மாமனார். இவர் 1968ல் பாய்லர் பிரிவில் சேர்ந்தார். சாயங்காலம் சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார், ஆனால் வீட்டுக்குள் வரமாட்டார். நேரே கொல்லைப்புறம். முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்பு, பிறகு நகக்கண்ணுக்குத் தென்னங்குச்சி. அதெல்லாம் முடிந்துதான் பிள்ளையைத் தொடுவார். சின்னவன் தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டு கத்துவான். இவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "வந்துட்டேன்டா, வந்துட்டேன்டா" என்று நின்ற இடத்திலேயே ஆடுவார். நான் டைபாய்டில் படுத்திருந்தபோது பெரியவளுக்கு இரட்டைச் சடை போட்டதும் அவர்தான். போல்ட் முறுக்குவது போல முறுக்கிவிடுவார். பள்ளிக்கூடம் போய் அவிழ்த்தால்தான் அவளால் கண்ணைச் சிமிட்டவே முடியும்.

1974 ரயில்வே ஸ்ட்ரைக்கின்போது நீயும் காலனியில்தானே இருந்தாய். மே 8லிருந்து 27 வரை, இருபது நாள். பெரியவள் அப்போது என் வயிற்றில். ராத்திரி காந்தி மார்க்கெட்டில் போய் மூட்டை இறக்கிவிட்டு விடிவதற்குள் வந்துவிடுவார். ஒரு நாள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என்ன யோசனை என்றேன். "ஒரு பாய்லரைத் திறந்து போட்டுட்டு வந்துட்டோம். துருப் பிடிச்சிருக்கும்" என்றார். அரிசிப் பானை காலியாக இருக்கிறது, மனுஷருக்குப் பாய்லர் கவலை! அன்றைக்கு நான் சிரிக்கவில்லை, நன்றாகத் திட்டினேன்.

பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் ரயில்வே இலவசப் பாஸில் ஊட்டிக்குப் போனோம். அந்த மலை ரயில் இஞ்சின்களுக்குப் பெரிய பழுது பார்ப்பது பொன்மலையில்தான். மேட்டுப்பாளையத்தில் நாங்கள் ஜன்னலோரம் இடம் பிடிக்க ஓடினால், அவர் வண்டியின் வாலுக்கு ஓடினார். குன்னூர் வரை இஞ்சின் பின்னாலிருந்துதானே தள்ளும். வண்டி தண்ணீர் பிடிக்க நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, பிள்ளைகளைக் குந்த வைத்துக் காட்டினார். கல்லாறு தாண்டினால் நடுவில் பல் வைத்த தண்டவாளம், இரண்டு சிலிண்டர் சக்கரத்துக்கு, இன்னும் இரண்டு அந்தப் பல்லைக் கவ்வும் சக்கரத்துக்கு என்று. பெரியவளுக்கு இன்றைக்கும் அது மனப்பாடம். ஊட்டி ஏரியில் படகில் ஏறியதும் தூங்கிவிட்டார். 2006ல் ரிடையர் ஆனவர். 2011ல் அந்த மலைப்பாதைக்கு எண்ணெயில் ஓடும் புது நீராவி இஞ்சினைப் பொன்மலையிலேயே கட்டினார்கள் என்றதும், பழைய ஆட்களைப் பிடித்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். வீட்டில் வேறு பேச்சே இல்லை.

காதுதான் போய்விட்டது. பாய்லருக்குள் ரிவெட் அடிக்கிற சத்தத்தில் அந்தக் காலத்து ஆட்கள் பலருக்கும் அப்படித்தான். போனில் பிள்ளைகள் எதைச் சொன்னாலும், "ரொம்ப சந்தோஷம்மா, சந்தோஷம்ப்பா" என்பார். சின்னவன் ஒரு தடவை, "அப்பா, எனக்குக் காய்ச்சல்" என்றான். அதற்கும் ரொம்ப சந்தோஷம்! காதைக் கொடுத்தாரே, அது தியாகமில்லையா என்று கேட்பாய். எனக்கு அதுதான் ஆறவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவரோ காது மிஷின் வாங்கிக் கொடுத்தால் டப்பாவிலேயே வைத்துவிட்டு, "உன் திட்டு கேட்காம இருக்கேன், நல்லதுதானே" என்பார்.

அவருடைய ஸ்பேனர் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்றான் சின்னவன். நான் விடவில்லை. தெருமுனையில் பைக் மெக்கானிக் பையன் இருக்கிறான், அவனிடம் கொடுத்துவிட்டேன். சுத்தியலை மட்டும் வைத்துக்கொண்டேன், தேங்காய் உடைக்க ஆகும்.

கால் கொஞ்சம் தேவலையானதும் வா. தஞ்சாவூரில் பாசஞ்சரில் ஏற்றிவிடச் சொல், பொன்மலையிலேயே இறங்கிக்கொள்ளலாம், ஜங்ஷன் வரை போய் அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் சந்தையும் பார்க்கலாம். வைத்தியர் கொடுத்த எண்ணெய் கேட்கிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுது. பெரியவள் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் பொன்மலைக்காரி