காசிக்குப் போன மாப்பிள்ளை

சௌ. பாப்பாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்க ரெண்டு பேர் சௌக்கியத்துக்கும் எழுது.

சித்தி பிள்ளை கல்யாணம் நன்னா நடந்தது. போட்டோ அனுப்பினேனே, பார்த்தியா? நீல டிக் வந்திருக்கு, பதில்தான் வரலை. போன்ல நீ 'ம்' கொட்டறதைக் கேக்கறதுக்கு எழுதறதே தேவலைன்னு உக்காந்துட்டேன். வேளைக்குச் சாப்பிடறியா?

காசி யாத்திரையை நீ பார்த்திருக்கணும். கண்ணுல மை, கையில குடை, விசிறி, கைத்தடி, கக்கத்துல புஸ்தகம், நம்ம பிள்ளை ஜம்முனு கிளம்பினான். பிரம்மசாரி படிப்பை முடிச்சுட்டு சந்நியாசம் வாங்கிக்கக் காசிக்குப் போறான், பொண்ணோட அப்பா வழிமறிச்சு, 'என் பொண்ணைத் தரேன், கிரகஸ்தனா இரும்'னு சொல்லிக் கூட்டிண்டு வரணும்னு வாத்தியார் மைக்குல கதை சொல்லிண்டிருந்தார். வீடியோக்காரனுக்கோ குடை முகத்தை மறைக்கறதாம். 'ஒன் மோர் சார், ஒன் மோர் சார்'னு திரும்பத் திரும்பக் காசிக்கு அனுப்பினான். சம்பந்தி மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, ஒரு வாய் காபி குடிச்சுட்டு வரேன்னு உள்ளே போயிட்டார். அது தெரியாம நம்மவன் நடக்கறான், நடக்கறான், நிறுத்தறதுக்கு ஆளில்லை. மண்டப வாசல் தாண்டி ரோட்டுக்கே வந்துட்டான். ஒரு ஆட்டோ ஓரங்கட்டித்து.

"எங்க சார் போகணும்?"

"காசிக்கு."

"ரிட்டர்ன் சவாரி கிடைக்காது சார், மேல போட்டுக் குடுங்க!"

அதுக்குள்ள பொண்ணோட தம்பி வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு ஓடி வந்து கையைப் பிடிச்சுண்டான். பின்னாடியே டம்ளரும் கையுமா சம்பந்தி மாமா. நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாம வாசிப்பை விட்டுட்டார்.

மாலை மாத்தறச்சே பொண்ணைத் தூக்கின அவ மாமாவுக்கு முதுகு பிடிச்சுண்டுடுத்து. இறக்கவும் முடியலை, நிக்கவும் முடியலை. கடைசில அவளே குதிச்சுட்டா. சமர்த்து. நலங்குல பாட ஆளில்லாம தவிச்சப்போ எல்லாரும் உன் பேரைத்தான் சொன்னா. பாப்பா இருந்தா மைக்கே வேண்டாம்னு சித்தப்பா சொன்னார். எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. ஆனா கூடவே வளர்ந்தவன் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கிடைக்காதா உனக்கு? உன் நலங்குல தேங்காயை விடமாட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் பிடிச்ச பிடியை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா.

பந்தியில அத்தைப்பாட்டி எதிர்வரிசையில உக்காந்திருந்தா. அவளுக்குத்தான் காது கேக்காதே, ஊருக்கே கேக்கற மாதிரி, "ஏண்டி, உன் பொண்ணையும் காணும், மாப்பிள்ளையையும் காணும், அவரும் காசிக்குப் போயிட்டாரா?"ன்னு கேட்டா. பந்தியே சிரிச்சது. நானும் சிரிச்சேன். அப்பா மட்டும் பாயசம் வரதுக்குள்ளே இலையை மூடிட்டு எழுந்துட்டார். அவர் பாயசத்தை விட்டு எழுந்து நீ பார்த்திருக்கியா?

நான் ஒண்ணும் கேக்கலை. எப்போ கூப்பிட்டாலும் மாப்பிள்ளை ஆபீஸ்ல இருக்கார்ங்கறே. ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் வச்சா என்ன பண்ணுவார், பாவம். நீ வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. போட்டோல கன்னம் ஒட்டிக் கிடக்கு. ராத்திரி எத்தனை மணியானாலும் போன் பண்ணு, நான் முழிச்சுண்டுதான் இருக்கேன். தனியா சமைக்கச் சோம்பல் பட்டுண்டு பிரெட்டைத் தின்னுட்டுப் படுக்காதே. தனியான்னா, அவர் ஆபீஸ்ல இருக்கறச்சேன்னு சொல்றேன்.

இன்னொண்ணு. அப்பாவோட பாஸ்போர்ட் பத்து வருஷம் முடிஞ்சு பீரோல கிடந்ததே, கல்யாணத்துலேர்ந்து வந்த மறுநாளே புதுசுக்கு எழுதிப் போட்டுட்டார். என்னத்துக்குன்னு கேட்டா, 'கையில இருக்கட்டுமே'ங்கறார். முழங்கால் வலியோட அத்தனை நேரம் பிளேன்ல எப்படி உக்காருவார்னு தெரியலை, ஆனா சொன்னா கேக்கற ஆளா? அமெரிக்க விசா ஃபாரத்துல, அங்கே யாரைப் பார்க்க வரோம்னு ஒருத்தர் பேர் போடணும். போன தடவை மாப்பிள்ளை பேரைப் போட்டோம். இந்தத் தடவை யார் பேரைப் போடறதுன்னு மட்டும் எழுது.

அம்மா