முதல் அமர்வுக்கு முன் விளக்கிச் சொல்லுங்கள்

மனநலப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என் தங்கை உங்களிடம் உளவியல் சிகிச்சைக்கு வந்ததும் பாதியில் நிறுத்தியதும் உங்கள் பதிவேட்டில் இருக்கும். ஏன் நிறுத்தினாள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை, உங்களிடம் கடைசியாக வந்த அன்றுதான் அவள் வாய்திறந்து சொல்லத் தொடங்கினாள். ஐம்பது நிமிடம் முடிந்ததும் "சரி, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். அழுதபடி வெளியே வந்தவளுக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. சிகிச்சைக்குப் போயும் இன்னும் மோசமாகிவிட்டேனே, என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டாள். பழைய வேதனையைப் பேச ஆரம்பிக்கும்போது சிலருக்கு முதலில் பாரம் கூடும், அதை அடுத்த அமர்வில் தயங்காமல் சொல்ல வேண்டும், இடையில் தாங்க முடியாமல் போனால் இன்னாரைக் கூப்பிடலாம் என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அவள் திரும்ப வந்திருப்பாள்.

நான் கேட்பது இதுதான்: முதல் அமர்வுக்கு முன் விளக்கிச் சொல்லுங்கள். எந்த முறை, ஏன் அந்த முறை, ஏறக்குறைய எவ்வளவு காலம்? எண்ணங்களையும் பழக்கங்களையும் கவனித்து மாற்றப் பழக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சை (CBT) என்றால் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள், வீட்டில் செய்யப் பயிற்சிகளும் உண்டு. வேறு சில முறைகள் ஆண்டுக்கணக்கில் போகும். முதல் நாளே தீர்வு கிடைக்கும் என்று நம்பி வருபவருக்கு இது தெரிய வேண்டாமா? அப்புறம், ரகசியம். வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் என் தங்கை பாதியை விழுங்கிவிட்டாள். சொன்னது வெளியே போகாது என்பதையும், உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்ற நிலைகளில் மட்டும் அது மாறும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாமே. சிகிச்சையாளர் ஒத்துவராவிட்டால் வேறொருவரைக் கேட்கலாம் என்பதும் அவளுக்குத் தெரியாது.

அறுவை சிகிச்சைக்கு முன் எல்லாவற்றையும் விளக்கித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். மனதைத் திறக்கச் சொல்லும் இடத்தில் மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை? உதவி கேளுங்கள், மனம்விட்டுப் பேசுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். துணிந்து கேட்டு வருபவரை இப்படித் திண்டாட விட்டால், அடுத்தமுறை அவர் யாரிடம் போவார்?

சிகிச்சையாளர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பதை அறிவேன். அவர்கள் திறமையையும் நான் குறை சொல்லவில்லை. தயவுசெய்து முதல் அமர்வுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி விளக்குங்கள், கேள்வி கேட்கவும் இடம் கொடுங்கள். என் தங்கையை ஒருமுறை அழைத்துப் பேசவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா