மாரி தவறினால் ஒரு வருடம் போச்சு: ஆய்வு மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே வழிகாட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயர்தரம் எழுதும் பிள்ளைக்கு எந்த ரியூசன் நல்லது, எந்தப் பாடத்தில் புள்ளி எடுக்கலாம் என்று சொல்லிக்கொடுக்க எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதே பிள்ளை பல்கலைக்கழகம் போய், விலங்கியலிலோ தாவரவியலிலோ பட்டம் எடுத்து, சூழலியல் பக்கம் முதுதத்துவமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ பதிந்த பிறகு வழிசொல்ல ஆளில்லை. மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் நினைக்கிறார்கள். அவருக்கோ விரிவுரை, பரீட்சைத் தாள், கூட்டம் என்று தலைக்கு மேல் வேலை. நானும் அந்தப் பாதையால் வந்தவள், இப்போதும் புதிதாகப் பதிந்த பிள்ளைகள் சிலர் வந்து சந்தேகம் கேட்பதுண்டு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனை பிழைத்தால் அடுத்த கிழமை திரும்பச் செய்யலாம். களத்தில் அது நடக்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், கடல்நீரேரியின் உவர்த்தன்மை அந்த நேரத்தில்தான் சரசரவென்று இறங்கும், வலசை வரும் கரையோரப் பறவைகளும் சித்திரையோடு பெரும்பாலும் போய்விடும். தை மாதம் பதிந்த பிள்ளை ஆறேழு மாதம் வாசித்துக்கொண்டே இருந்து, ஆவணியில் தலைப்பை முடிவுசெய்து, ஐப்பசியில் அனுமதிக்கு விண்ணப்பித்தால், அனுமதி கைக்கு வரும்போது தண்ணீரும் வற்றிப் பறவையும் கிளம்பியிருக்கும். இரண்டு வருடப் படிப்பில் அப்புறம் மிஞ்சுவது ஒரே ஒரு மாரி. அந்த ஒரு பருவத்துத் தரவோடு போய் நின்றால் பரீட்சகர் முதலில் கேட்பதே, ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் இருக்குமா என்றுதான். ஆகவே பதிந்த முதல் மாதத்திலேயே, எந்தப் பருவத்தில் எங்கே நிற்கவேண்டும் என்று கணக்குப் போட்டு, அதிலிருந்து பின்னோக்கி மற்ற வேலைகளை வைக்கவேண்டும்.

அனுமதி விஷயத்தைப் பலர் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015இல் தேசிய பூங்காக்கள் ஆக்கப்பட்டவை. அங்கே ஆய்வு செய்ய வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காட்டுப் பகுதி என்றால் வனத் திணைக்களம். பாதுகாக்கப்பட்ட இனங்களைப் பூங்காவுக்கு வெளியே பிடிப்பதற்கும் 1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். மாதிரியை மரபணுப் பகுப்பாய்வுக்கு வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் அது வேறொரு அனுமதி. தலைப்பு முழுதாய்த் தீரும்வரை பார்த்திருக்காமல், இடமும் இனமும் தெரிந்த உடனே விண்ணப்பம் போகவேண்டும். இன்னொன்று, கடிதம் தேவைப்படாத அனுமதியும் ஒன்று இருக்கிறது. கரையில் இறங்குமுன் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தோடு போய்க் கதையுங்கள். எந்த மாதம் எங்கே இறால் படும், எங்கே சேறு ஆளை இழுக்கும், எந்தப் பக்கத்துக் கண்டல் எப்போது பட்டுப்போனது என்று அவர்களுக்குத் தெரிந்தது எந்த ஆய்வுக் கட்டுரையிலும் கிடையாது.

தலைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். விலை கூடிய கருவி இல்லாமல் நல்ல ஆய்வு செய்யமுடியாது என்று ஒரு நம்பிக்கை பிள்ளைகளிடம் இருக்கிறது. டெங்கு நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்த காலத்தில், இலங்கைக் கரையோரத்தில் கைவிட்ட கிணறுகள், பழைய படகுகள், எறிந்த பாத்திரங்கள் என்று தேடிப் பார்த்து, ஆயிரத்துக்கு 15 பங்கு வரை உப்புள்ள தண்ணீரிலும் அதன் குடம்பிகள் இருப்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடல்நீரில் உப்பு சுமார் 35 பங்கு, அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு என்று விளங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் பங்குகொண்ட ஆய்வு அது. எல்லோரும் உண்மை என்று எடுத்துக்கொண்ட ஒன்றை எங்கள் கரையில் வைத்துச் சரிபார்க்கலாம் என்ற எண்ணம்தான் அங்கே பெரிய மூலதனம். இன்னாரின் இனப்பட்டியலை இன்னொரு குளத்தில் திரும்பச் செய்வது என்று தலைப்பு வைக்காமல், விடை எதுவாக வந்தாலும் பயன்படக்கூடிய ஒரு கேள்வியை வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது புள்ளிவிபரவியலைப் பற்றித்தான். தரவெல்லாம் சேர்த்து முடித்துவிட்டு, இனி எந்தச் சோதனை போடலாம் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். தொண்டைமானாற்றுத் தடுப்பணைப் பக்கத்துக் கண்டலில் பத்துச் சதுரம், மண்டைதீவுக் கண்டலில் பத்துச் சதுரம் எடுத்து, தடுப்பணை நண்டுகளைப் பாதிக்கிறதா என்று பார்த்தால், இருபது மாதிரி இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் இருப்பது இரண்டே இடம். அந்த இரண்டு இடமும் மண், ஆழம், மீன்பிடி என்று ஆயிரம் விதத்தில் வேறுபடலாம், தடுப்பணைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஹர்ல்பர்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் இந்தப் போலி மீள்மாதிரிப் பிரச்சினையை 1984இலேயே விரிவாக எழுதிவிட்டார். அது இன்றைக்கும் ஆய்வேடுகளை விழுத்துகிறது, சேர்த்து முடித்த தரவை எந்த மென்பொருளாலும் திருத்தவும் முடியாது. களத்துக்குப் போகமுன் புள்ளிவிபரவியல் தெரிந்த ஒருவரோடு ஒரு பின்னேரம் இருந்து கதைத்தால் போதும். ‘ஆர்’ மென்பொருள் இலவசம், ஒத்திகைக்காகக் கற்பனையாய் ஒரு தரவுத் தொகுதியை உருவாக்கி முன்கூட்டியே பகுத்துப் பார்த்துவிடலாம்.

மேற்பார்வையாளரோடு சங்கடமான விஷயங்களை ஆரம்பத்திலேயே கதைத்துவிடுவது நல்லது. எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பது, கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், தரவு யாரிடம் இருக்கும், பெற்றோல் காசு யார் தருவது. கதைத்ததை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டால் பிறகு மனஸ்தாபம் இல்லை. இது மரியாதைக் குறைவு என்று எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை, நல்ல மேற்பார்வையாளர் இதைத்தான் விரும்புவார். காசு கட்டினால் ஒரு கிழமையில் பிரசுரிக்கிறோம் என்று வரும் மின்னஞ்சல்களையும் அவரிடம் காட்டாமல் நம்பவேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. உயிரியலில் எங்கள் வகுப்புகளில் பாதிக்கு மேல் அவர்கள்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆளில்லாத கடல்நீரேரிக் கரையில் பறவை எண்ணத் தனியாகப் போக எந்த வீட்டில் விடுவார்கள், விடவும் கூடாது. அதற்காக அவளை ஆய்வுகூடத் தலைப்புக்குத் தள்ளுவது நியாயமா? கூடப் போகும் ஒருவருக்கான போக்குவரத்துச் செலவு, போன் சிக்னல் இல்லாத இடத்தில் எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும், திரும்பாவிட்டால் யாருக்கு அறிவிப்பது, இதெல்லாம் ஆய்வுத் திட்டத்தின் பகுதியாகவே எழுதப்படவேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்குதான், சேற்றில் தாழ்பவனைத் தூக்கவும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

பல்கலைக்கழகத் துறைகளிடம் நான் கேட்பது பெரிய காசு தேவைப்படும் விஷயமில்லை. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன், ஆடி மாதமளவில், புதிதாகப் பதிந்த ஆய்வு மாணவர்களை ஒரு நாள் ஒன்றாக இருத்துங்கள். காலையில் திணைக்கள அதிகாரி ஒருவர் அனுமதிப் படிவங்களோடு வரட்டும், பின்னேரம் ஒவ்வொரு பிள்ளையும் தன் மாதிரித் திட்டத்தை ஒரு தாளில் வரைந்து புள்ளிவிபரவியல் தெரிந்தவர் முன் வைக்கட்டும். படிப்பை முடித்துவிட்டு ஊரில் இருக்கும் எங்களைப் போன்றவர்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

முன்னாள் ஆய்வு மாணவி,
கொக்குவில்.