அண்ணாவுக்கு, அந்தப் பத்தொன்பதைப் பற்றி

அண்ணா,

அப்பாவின் மணிக்கூட்டை அனுப்புகிறேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ ஆறுதலாக வாசிப்பாய்.

போன கிழமை அப்பாவின் ஆட்டத்திவசம். யார் வந்தார்கள், என்ன சமைத்தோம் என்பதெல்லாம் சின்னம்மா வட்ஸப்பில் படமாகவே போட்டிருப்பா, நான் திரும்ப எழுதவில்லை. எல்லோரும் போன பிறகு விறாந்தையில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தற்செயலாக அண்ணாந்து பார்த்தால் வளையில் அந்த ஆணி. இரண்டு தடவை வீட்டுக்குப் பெயின்ற் அடித்தாயிற்று, ஆணிக்கும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள். கையில் இருந்த கதிரையை அப்படியே கீழே வைத்து அதில் உட்கார்ந்துவிட்டேன்.

எந்த இரவு என்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும். ஊசல் ஆட்டிப் புவியீர்ப்பு ஆர்முடுகலை, விழுகிற பொருளின் வேகம் கூடுகிற வீதத்தை, அளந்த இரவு. நீ இரண்டாம் தடவை, நான் முதல் தடவை, ஒரே வருடத்தில் ஒரே வீட்டில் இரண்டு உயர்தரப் பரீட்சைக்காரர். திருகோணமலை உவர்மலையில் கச்சான் காற்று கதவைப் போட்டு அடிக்கிற காலம், இருட்டின பிறகு யாரும் படலைக்கு வெளியே தலை நீட்டாத காலம். அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. இதை யார் யார் வாசிப்பார்கள் என்று உனக்கும் தெரியும்.

அப்பாவின் தூண்டில் பெட்டியிலிருந்து தங்கூசியும் ஈயக்குண்டும் களவெடுத்தது நீ. பழைய பாட்டாச் செருப்பில் இரண்டு ரப்பர்த் துண்டு வெட்டி, நடுவில் தங்கூசியை வைத்து இறுக்கி, அந்தக் கட்டை ஆணியில் மாட்டியதும் நீதான். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பிளந்த தக்கை செய்கிற வேலையை உன் செருப்பு செய்தது. சும்மா ஆணியில் முடிச்சுப் போட்டால் ஆடும்போது முடிச்சு உருளும், நீளம் மாறும் என்று எனக்கு விளக்கினாய். இன்றைக்கு நான் வகுப்பில் சொல்வது அதே வசனம்தான், ஒரு சொல் மாறவில்லை. பாரமான குண்டு வேகமாக ஆடும் என்று நான் சண்டை பிடித்தேன், நீ இரண்டாவது ஈயத்தையும் சேர்த்துக் கட்டி, தொங்குகிற நீளத்தைச் சரிபார்த்து, ஆட்டிக் காட்டினாய். அதே நேரம். என் முகத்தைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பில் கேலி இல்லை. அது ஞாபகம் இருக்கிறது.

பிறகு அளவு. 40 சென்ரிமீற்றரில் தொடங்கிப் பத்துப் பத்தாக 90 வரை, அம்மாவின் தையல் நாடாவால் குண்டின் நடு வரை. காற்று வராமல் பாயை மறைப்பாகக் கட்டினோம். இழுக்கிற கோணம் பத்துப் பாகையைத் தாண்டக் கூடாது என்று நீ கறாராக நின்றாய். இடப்பெயர்ச்சி எவ்வளவோ அதற்கு நேர்விகிதமாக மீள்விசை நடுப்பக்கம் இழுக்கவேண்டும், அதுதான் எளிமை இசை இயக்கம். ஊசலில் சின்னக் கோணத்துக்குத்தான் அது சரிவரும், அறுபது பாகைக்கு இழுத்தால் அலைவுகாலம், ஒரு தடவை போய்வர எடுக்கிற நேரம், ஏழு வீதம் கூடிவிடும். மன்னித்துக்கொள், வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டேன். இருபது வருடத்துப் பழக்கம்.

நீ குண்டை விட்டு, மாமா சவூதியிலிருந்து அனுப்பின கசியோவை அழுத்தினாய். எண்ணியது நான்.

விட்ட உடனே "ஒன்று" என்றேன்.

அவ்வளவுதான் விசயம். போய்த் திரும்பி வந்தால்தான் ஒரு அலைவு. தொடக்கத்தில் "பூச்சியம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "இருபது" என்று கத்த நீ நிறுத்தியபோது உண்மையில் முடிந்தது பத்தொன்பது. 90 சென்ரிமீற்றருக்கு 36.2 செக்கன் என்று எழுதினாய். 38.1 வந்திருக்க வேண்டும். எல்லா நீளத்துக்கும் நான் அப்படியே எண்ணினேன்.

இதில் பொல்லாத பகுதி வரைபு, நீளத்துக்கு எதிரே அலைவுகாலத்தின் வர்க்கம். எங்கேயாவது நான் மாற்றி எண்ணியிருந்தால் ஒரு புள்ளி விலகி நின்று காட்டிக் கொடுத்திருக்கும். நீ எல்லா நீளத்தையும் ஒரே அளவு பிழையாக அளந்திருந்தால் கோடு அச்சுகள் சந்திக்கிற உற்பத்திப் புள்ளியை விட்டு விலகி வெட்டியிருக்கும். ஆனால் எல்லா நேரமும் ஒரே விகிதத்தில் குறைந்தால் புள்ளிகள் நேர்கோட்டில்தான் நிற்கும், கோடும் உற்பத்திக்கூடாகவே போகும். லாம்பு வெளிச்சத்தில் நீ அடிமட்டம் வைத்துக் கீறின கோடு அப்படி ஒரு வடிவான கோடு. படித்திறன், கோட்டின் சரிவு, மட்டும் 4.04 வராமல் 3.64. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு ஆர்முடுகல் 10.8.

அன்றைக்கு விறாந்தையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதவில்லை. சிலர் இன்றைக்கும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். அப்பா கொப்பியை வாங்கிப் பார்த்தார். "உலகம் முழுக்க ஒன்பது தசம் எட்டு, என்ர மகனுக்கு மட்டும் பத்து தசம் எட்டு. இவர் எஞ்சினியராகப் போறாராம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அண்ணா.

அப்போது எனக்குத் தெரியாது, சத்தியமாக. இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் "மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம்" என்று சொல்லி நேரத்தைத் தொடங்கினபோதுதான் வயிறு குளிர்ந்தது. அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்தேன். அப்பா உன்னோடு கதைக்காமல் இருந்தார், அம்மா குசினியில் அழுதுகொண்டிருந்தா, எனக்குப் பதினெட்டு வயது. பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்த வீட்டில் முதல் தடவையாகக் கெட்டிக்காரி என்ற பெயர் எனக்கு வந்திருந்தது, அதை இரண்டு நாளில் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

நீ போனது இதனால் என்று சொல்ல வரவில்லை. நீ போனதற்குக் காரணங்கள் இருந்தன, அவை இந்தப் பக்கத்துக்கு உரியவை அல்ல. ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே இரவு நாங்கள் படுத்த பிறகு நீ தனியே எழும்பி மறுபடி அளந்தாய். கசியோவின் கீச் சத்தம் எனக்குக் கேட்டது, தொடங்க ஒன்று, நிறுத்த ஒன்று. மூன்று தடவை. பிறகு தங்கூசியை அவிழ்த்துச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாய், அதற்குப் பிறகு அந்த ஆணியை யாரும் தொடவில்லை. தனியே எண்ணியபோது உனக்குச் சரியாக வந்ததா? வந்திருந்தால் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை? நல்ல அண்ணன் என்று இருக்க நினைத்திருந்தால், அதற்கும் எனக்குக் கோபம் உண்டு. நீ வாய் திறக்காமல் இருந்த கடனைத்தான் நான் இத்தனை வருடம் இந்த வீட்டில் கட்டினேன் என்று சில நாட்களில் தோன்றும். அப்பாவைக் குளிக்க வார்த்தது, இரவு மூன்று மணிக்கு ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்கு ஓடினது, எல்லாம். நீ காசு அனுப்பினாய், இல்லையென்று சொல்லவில்லை. செத்த வீட்டுக்கு நீ ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு எல்லாம் விசாச் சிக்கல் என்றே சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு உன் அழைப்பு. முதல் வருடங்களில் அட்டை முடியும் வரை கதைப்போம். இப்போது நாலு நிமிடம். ஆனால் ஞாயிறு தவறியதில்லை. காற்று ஊசலின் வீச்சத்தைத்தான் தின்னும், அலைவுகாலத்தை அநேகமாக விட்டுவிடும் என்று கரும்பலகையில் எழுதும்போது எனக்கு உன் எட்டு மணிதான் ஞாபகம் வரும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

முப்பத்தோராம் நாள் நீ மணிக்கூட்டைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியாது. அப்பா இருந்தபோது அப்பாவைக் கேட்கவில்லை, செத்ததும் மணிக்கூட்டைக் கேட்கிறாய் என்று நினைத்தேன். பதினொரு மாதம் சாக்குப்போக்குச் சொன்னேன். உடைந்துவிடும், யாரும் போகிறவர்கள் இல்லை என்று. எல்லாம் பொய். ஞாயிறு காலையில் அப்பா சாவி கொடுக்கிற மாதிரியே நானும் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதை விட மனமில்லை.

ஏன் இதைப் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பா உன்னைச் சொன்னது நாலு பேருக்கு முன்னால். பிழை என்னுடையது என்பதையும் நாலு பேருக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். அப்பா இருக்கும்போது சொல்லாமல் விட்டேனே என்று கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, மணிக்கூடு. அடுத்த மாதம் வருகிற பெடியனிடம் கொடுத்துவிடுகிறேன். ஊசலைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றியிருக்கிறேன், பொருத்தும்போது மேலே இருக்கிற மெல்லிய தகட்டை வளைத்துவிடாதே. தொங்கவிட்டுச் சாவி கொடுத்து ஊசலை ஆட்டிவிட்டதும் அது ஓடத் தொடங்கும், ஆனால் முந்தும். பழுதென்று யாரிடமும் கொண்டு போகாதே. புவியீர்ப்பு ஆர்முடுகல் இங்கே 9.78, உன் ஒஸ்லோவில் 9.82. பூமி துருவப் பக்கம் கொஞ்சம் தட்டை, சுழற்சியின் பாதிப்பும் அங்கே குறைவு. 1672 இல் ரிச்சர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசிலிருந்து மத்தியகோட்டுக்குக் கிட்ட இருக்கிற கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் மணிக்கூடு நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. நீ எதிர்த் திசையில் போனவன், உனக்கு நாளுக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் முந்தும்.

குண்டுக்குக் கீழே ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. அதைத் தளர்த்திக் குண்டை ஒரு மில்லிமீற்றர் அளவு இறக்கு. தண்டு ஒரு சாண்தான், அதனால் அவ்வளவே போதும். ஒரு நாள் விட்டுப் பார், இன்னும் முந்தினால் கால் சுற்று, பிந்தினால் திருப்பி. சாவி அலுமாரிக்கு அடியில் ஒட்டியிருந்தது, இப்போது ஊசலோடு அதே துணிக்குள்.

உன் தங்கச்சி