வண்டித்தடமும் ஒரு காடும்

பேங்கர், மெய்ன், அமெரிக்கா
ஏப்ரல் 20

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே பனி உருகிக் காட்டுப் பாதையெல்லாம் சேறு. மர லாரிகள் ஓடாத சமயம், அதனால் எழுத உட்கார்ந்தேன்.

சுற்றிலும் சைட் போட்டு விற்கிறார்கள், நம் மலைவேம்புத் தோட்டத்தை எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அதே நினைப்பு.

இங்கே பிங்கிரீ என்றொரு குடும்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து காடு வைத்து, மரம் வெட்டி விற்கிறவர்கள். 1988-இல் டயமண்ட் இன்டர்நேஷனல் என்ற வேறொரு கம்பெனியின் காடுகள் விலைக்கு வந்தபோது, ஏரிக்கரையெல்லாம் மனையாகிவிடுமோ என்று நான்கு மாநிலங்கள் பதறின. 2001-இல் பிங்கிரீ குடும்பம் 7,62,192 ஏக்கரில் வீடு கட்டும், மனை பிரிக்கும் உரிமையை மட்டும் நியூ இங்கிலாந்து ஃபாரஸ்ட்ரி ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளைக்கு விற்றது. நீலகிரி மாவட்டத்தை விடப் பெரிய பரப்பு, சிவா! ஏக்கருக்குச் சுமார் 37 டாலர். கட்டுவதற்கல்ல, இனி யாருமே கட்டாமலிருக்கத்தான் அறக்கட்டளை அதை வாங்கியது. காடு குடும்பத்துடையதாகவே இருந்தது. வெட்டலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். யார் கைக்குப் போனாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு போகும்.

நம் கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தடப் பாத்தியம்' என்று, அடுத்தவர் நிலத்து வழியே வண்டி ஓட்டிப் போகும் உரிமை வருமே, அதற்கு உறவுதான் இது. இந்த மாதிரி உரிமைகளுக்கான நம் 1882-ஆம் வருடச் சட்டத்தில் அந்தப் பாத்தியம் இன்னொரு நிலத்தின் அனுபோகத்துக்காக இருக்க வேண்டும். இங்கே பக்கத்தில் ஒரு சென்ட் நிலமில்லாத அறக்கட்டளையும் அதைக் காலத்துக்கும் வைத்திருக்கலாம். அதற்கென்றே மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கின்றன.

மேட்டுப்பாளையத்தில் வனவியல் படித்தபோது, காட்டைக் காப்பதென்றால் கோடாலியை வெளியே நிறுத்துவது என்று நினைத்திருந்தேன். இங்கே வந்துதான் புரிந்தது. மரத்தில் வருமானம் நின்றால் அடுத்து வருகிறவர் சர்வே சங்கிலியோடு வருகிறார். ஆனால் எவ்வளவு வெட்டுவது, ஓடைக்கரையில் எத்தனை அடி விடுவது என்பதையும் பத்திரத்திலேயே எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் வீடில்லாத மொட்டைக் காடுதான் மிஞ்சும். வருஷா வருஷம் போய்ப் பார்க்க ஆளும் பணமும் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அங்கே உனக்கு இந்த வழி இல்லை. டிசம்பரில் வருகிறேன், தோட்டத்துக்கு வேறென்ன செய்யலாம் என்று வக்கீலிடம் சேர்ந்தே போய்க் கேட்போம். அதுவரை பணம் தேவைப்பட்டால் முற்றின மலைவேம்பை வெட்டிக்கொள். பள்ளத்து ஓரத்து நாவல் மரங்களைத் தொடாதே.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி