சோறும் பருப்பும் என்ன பாவம் செய்தன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'சோற்றையும் பருப்பையும் நம்பியிருக்கும் முதியவர்களுக்குத் தசை கரைவது உறுதி; தினமும் ஒரு கரண்டி அமினோ அமிலப் பவுடர்தான் வழி' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

யாங்கோனில் இருந்துகொண்டு பருப்பைப் பற்றி இப்படி எழுதலாமா? கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு உளுந்து அனுப்புகிற நாடு இந்த மியன்மார். புரதம் என்பதே அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகள் கோத்த மாலைதான். அரிசியில் லைசின் என்ற துண்டு குறைவு, உளுந்தில் மெத்தியோனின் என்ற துண்டு குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். நம் வீட்டு இட்லி மாவில் நடப்பது அதுதானே? தங்களுக்குத் தெரியாததா?

வயதானால் புரதம் கூடுதலாக வேண்டும், சரி. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை என்று 2013-லேயே நிபுணர்கள் எழுதிவிட்டார்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது. காலையில் சாப்பிடுகிற மொகிங்காவில் (இந்த ஊர் மீன் குழம்பு நூடுல்ஸ்) ஒரு முட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தால் தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

போன வருடம் தங்கள் இதழில் இதே மாதிரி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் அந்தப் பவுடரில் ஒரு டப்பா வாங்கி வந்தார். ஒரு மாத அரிசிக் காசு. பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் பார்த்தேன். லூசின், ஐசோலூசின், வேலின். மூன்றே மூன்று. உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் 9. மீதி ஆறும் சாப்பாட்டிலிருந்து வராவிட்டால் இந்த மூன்றால் மட்டும் தசை வளருமா? அதோடு, அவருக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு. டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரைக் கேட்டுச் சாப்பிட்டீங்க?" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் இதழின் பெயரைச் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. 26 வருடமாக வீட்டில் வாங்கும் இதழ்.

இப்போது தினமும் காலையில் அவர் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 தடவை எழுந்து உட்காருகிறார். முதல் வாரம் மூன்றாவது தடவையே முழங்கால் நடுங்கும். 90 வயதானவர்களே 8 வாரம் எடை தூக்கிப் பழகி வலுப்பெற்றதாக 1990-ல் அமெரிக்காவில் ஆய்வு வந்திருக்கிறது. அதற்குத் தங்கள் இதழில் கால் பக்கமாவது உண்டா? சமையல் பக்கத்தை எடுத்தீர்கள், அங்கே விளம்பரம் வந்தது. மூட்டுவலித் தைல விளம்பரத்தைப் பற்றி இரண்டு கடிதம் போட்டேன், ஒரு வரி பதில் இல்லை. எழுத்தும் இதழுக்கு இதழ் சிறுத்துக்கொண்டே போகிறது. வயதானவர்கள்தானே, எதைப் போட்டாலும் படிப்பார்கள் என்ற நினைப்பா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பவுடர்களைச் சாப்பிட வேண்டாம்' என்று அடுத்த இதழில், அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, யாங்கோன்