வலைக்கு உபயகாரர் தேடும் ஆலய பரிபாலன சபைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது அறிவித்தல் பலகையைப் பார்த்தேன். ‘ஆலய வெளிச்சுவரில் பறவைத் தொல்லையைத் தடுக்க வலை கட்டப்படவுள்ளது. உபயம் செய்ய விரும்பும் அடியார்கள் அலுவலகத்துடன் தொடர்புகொள்ளவும்.’ தேருக்கு உபயம் கேட்டீர்கள், கொடுத்தோம். அன்னதானத்துக்குக் கேட்டீர்கள், முண்டியடித்துக் கொடுத்தோம். குருவியை விரட்டவும் உபயகாரர் தேடும் காலம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. யாராவது பெயர் பதிவதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்ற அக்டோபரில் திருப்பணி தொடங்கியது. தேவாலயமாக இருந்த காலத்து மர இறவாரத்தைக் கழற்றி வெள்ளை பிளாஸ்டிக் பலகை அடித்தீர்கள். அதோடு அங்கிருந்த ஏழு குருவி மண்கூடுகளையும் சுரண்டி எடுத்தாயிற்று. பறவைகள் அப்போது ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டன. வெறும் கூட்டை எடுப்பதை இந்தப் பிரித்தானிய நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை. அதில் குறை சொல்ல எனக்கு இடமில்லை. இடம் இருக்கிறது, சொல்லாமல் விடுகிறேன்.

சனிக்கிழமைகளில் பாதணி கழற்றும் இடத்தைக் கூட்டுவது என் தொண்டு. ஆகவே அதன் பிறகு நடந்ததை உங்களைவிட நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

இந்த ஏப்ரல் கடைசியில் அவை திரும்பி வந்தன. இந்த ஊரார் ஹவுஸ் மார்ட்டின் என்று சொல்லும் குருவி, மாரியில் நம் ஊருக்கு வரும் தகைவிலானுக்கு ஒன்றுவிட்ட தங்கை. எடை ஏறத்தாழ இருபது கிராம். மேலே நீலம் கலந்த கறுப்பு, இடுப்பில் வெள்ளைத் திட்டு. சின்னப் பிள்ளைக்குக் காலுறை மாட்டிவிட்டதுபோலக் காலை மூடிய வெள்ளை இறகு. கார் தரிப்பிடத்துக்கு அப்பால் இருக்கும் குட்டையின் ஓரத்தில் இறங்கி ஒரு வாய் ஈரமண் எடுக்கும், பறந்து வந்து சுவரும் இறவாரமும் சேரும் மூலையில் ஒட்டும், திரும்பவும் போகும். ஒரு கூட்டுக்கு ஆயிரம் வாய் மண்ணாவது வேண்டும். மரத்திலும் செங்கல்லிலும் அந்த மண் நிற்கும். பிளாஸ்டிக்கில் ஈரம் உள்ளவரை பிடித்திருக்கும், காய்ந்து கனத்ததும் கைவிட்டுவிடும்.

தெற்கு மூலையில் ஒரு சோடி பதினொரு நாள் கட்டியது. கூடு அரைக் கிண்ணம் அளவுக்கு வந்திருந்தது. பன்னிரண்டாம் நாள் காலைப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது முழுவதும் கழன்று பாதணித் தட்டின்மேல் விழுந்தது. பாதி மண் யாரோ ஒரு பிள்ளையின் சிவப்புச் சப்பாத்துக்குள். கையில் தும்புத்தடியோடு நின்ற நான் ஓர் உருண்டையை எடுத்துப் பார்த்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் அலகு அமுக்கிய பள்ளம். நடுவில் நூல்போல ஒரு புல்வேர். நிமிர்ந்தால், சோடியில் ஒன்று புதிதாக எடுத்துவந்த மண்ணை வைக்க இடமில்லாமல் அதே மூலையில் செட்டையடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் மண் விழுந்து கிடந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். ஜூன் நடுவில் நின்றுவிட்டது. தரை இப்போதெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று செயலாளர் ஐயா என்னைப் பாராட்டினார்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: வடக்குச் சுவரின் இறவாரத்தின் கீழ் ஆறு செயற்கைக் கூடுகள், அடுத்த சித்திரைக்கு முன்.

மரத்தூளும் சீமெந்தும் கலந்து வார்த்த கிண்ணங்கள் இந்த நாட்டில் விலைக்குக் கிடைக்கின்றன. கூட்டமாக வாழும் பறவை என்பதால் தள்ளித் தள்ளி வைக்காமல் அடுத்தடுத்து வைக்க வேண்டும். வடக்குப் பக்கம் உச்சி வெயில் படாது, கீழே குப்பைத்தொட்டிகளைத் தவிர ஒன்றுமில்லை, அடியார் யாரும் அந்த வழியாக நடப்பதுமில்லை. எச்சம் விழுமே என்பீர்கள். கூடுகளுக்குச் சற்றுக் கீழே ஒரு பலகை அடித்தால் அதில் விழும். அந்தப் பலகையைக் கழுவும் வேலை என்னுடையது. அடுத்த ஆண்டே குடிவந்துவிடும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். சிட்டுக்குருவி முந்திக்கொள்வதும் உண்டு. சிட்டுக்குருவியும் இங்கே அருகிவரும் பறவைதான், அதனால் நட்டமில்லை.

‘ஊரெல்லாம் குருவிதானே பறக்கிறது’ என்று பொதுக்கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். 2021 டிசம்பரில் இந்தப் பறவையைப் பிரித்தானியாவின் சிவப்புப் பட்டியலில், அதாவது மிகுந்த கவலைக்குரிய பறவைகளின் பட்டியலில், சேர்த்துவிட்டார்கள். 1969-இலிருந்து கணக்கெடுத்தால் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. அந்த அன்பர் பறப்பதாகக் கண்டது எதுவென்று எனக்குத் தெரியாது.

கும்பாபிஷேகத்தன்று வானத்தில் ஒரு பருந்து வட்டமிட்டது நினைவிருக்கிறதா? ‘கருடன்! கருடன்!’ என்று ஒலிவாங்கியில் அறிவித்தீர்கள். தலைக்குமேல் கைகூப்பி நின்றோம், சிலர் அழுதோம். அது இந்த ஊர்ப் பருந்து, வீதியில் அடிபட்ட முயலைத் தேடி வந்திருக்கும். இருந்தாலும் நானும் கும்பிட்டேன். மயில் வாகனத்துக்குப் புதிதாகத் தங்கப்பூச்சுப் பூசினீர்கள், அன்ன வாகனத்துக்குக் கண் வைத்தீர்கள். உயிர் உள்ளது வந்து இறவாரத்தில் ஒட்டினால் மட்டும் தொல்லை. பெரிய திரையில் உபயகாரர் பெயர் ஓடுகிறது, ஒலிபெருக்கி சுவரை அதிரவைக்கிறது, கார் தரிப்பிடத்தில் மாதம் ஒருமுறை சண்டை நடக்கிறது. இவற்றில் எதற்கும் இதுவரை வலை கட்டியதாகத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டும். கூடுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் எங்கோ போய்விட்டேன்.

இவையும் நம்மைப்போலப் புலம்பெயர்ந்தவை என்று உருக்கமாக எழுதி உங்களைக் கரைக்க நான் வரவில்லை. பொங்கல் விழா மேடைகளில் அந்த உவமையைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. தவிரவும், சகாராவுக்குத் தெற்கே அவை மாரிக்காலத்தை எங்கே கழிக்கின்றன என்பது ஆய்வாளர்களுக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அங்கிருந்து வரும் ஒன்றுக்கு நம் தெற்கு மூலை தெரிந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, இது அவசரம். மடைப்பள்ளிப் பக்கம் பிளாஸ்டிக் அடிக்காமல் விட்ட பழைய செங்கல் மூலையில் ஒரு கூடு தப்பியிருக்கிறது. உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. வாசலில் மூன்று தலைகள் எண்ணினேன். வலை கட்ட வருகிறவர்கள் அதைத் தொட்டால் இந்த முறை சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. பாவனையில் உள்ள கூட்டை வேண்டுமென்றே அழிப்பது 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2019-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்துப் பேக்டன் கடற்கரையில், இதன் இனமான மணல் மார்ட்டின்கள் பொந்து வைக்கும் செங்குத்துக் கரையை ஒரு கட்டுமான வேலைக்காக வலையால் மூடினார்கள். திரும்பி வந்த பறவைகள் உள்ளே போக வழியின்றி அலைந்ததைப் பார்த்து நாடே திட்டியது; மேற்பகுதி வலையைக் கழற்ற வேண்டியதாயிற்று. நம் ஆலயத்தின் பெயர் அப்படி வெளிவருவதை நான் விரும்பவில்லை. இது மிரட்டல் அல்ல. கொஞ்சம்தான்.

ஆகவே தயவுகூர்ந்து வலைத் தீர்மானத்தை நிறுத்திவையுங்கள். மடைப்பள்ளிக் கூட்டைக் குஞ்சுகள் பறக்கும்வரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கு இறவாரத்தில் ஆறு கூடுகள் வைக்க, அடுத்த சித்திரைக்கு முன், அனுமதி தாருங்கள். ஆறுக்கும் உபயம் நானே செய்கிறேன். பெயர் திரையில் ஓட வேண்டாம். ஏணி மட்டும் ஆலயத்தினுடையதாக இருக்கட்டும், என்னுடையது அவ்வளவு உயரம் எட்டாது.

அடுத்த சபைக் கூட்டத்துக்குப் பின் எழுத்தில் ஒரு பதில் தந்தால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
சனிக்கிழமைத் தொண்டன்

பி.கு.: கூட்டியெடுத்த மண்ணை ஒரு பழைய பாற்சோற்று வாளியில் போட்டு அலுவலக மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாரும் கொட்டிவிட வேண்டாம். கூட்டத்தன்று காட்ட வேண்டும்.